என் பக்கம் திரும்பாத திரை

ஜூன் 11, புதன்

கோழித்தீவனக் கம்பெனி கொடுத்த டைரி இது. ஜனவரியிலிருந்து ஒரு வரிகூட எழுதாமல் அலமாரியில் கிடந்தது. இன்று ஆஸ்பத்திரியில் நர்ஸ், "என்ன சாப்பிடறீங்க, எத்தன தடவ வாந்தி வருது, கொழந்தை எப்ப அசையுது, எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதிக் கொண்டாங்க" என்றார். அதனால் எழுதுகிறேன்.

பெயர் மேனகா. வயது இருபத்தெட்டு. பதினாறாவது வாரம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒன்று மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோனது. அதனால் இந்தத் தடவை முழு ஓய்வு என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்.

காலை: இரண்டு இட்லி. வாந்தி ஒரு தடவை. மதியம்: ரசம் சாதம், நின்றது.

ஜூன் 14, சனி

எங்கள் வீடு பண்ணைக்குள்ளேயே இருக்கிறது. நாமக்கல்லிலிருந்து பஸ் வரும் ரோட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். இருபத்தி நாலாயிரம் கோழிகள். வெளியாள் வந்தால் நோய் ஒட்டிக்கொள்ளும் என்பதால் கேட் எப்போதும் பூட்டித்தான் இருக்கும். சாவி அவரிடம் ஒன்று, அத்தையிடம் ஒன்று. எனக்கு எதற்குச் சாவி, நான் எங்கே போகப் போகிறேன்.

என் செல்போனையும் அவரே வாங்கி வைத்துக்கொண்டார். கதிர்வீச்சு குழந்தைக்கு ஆகாது என்று எங்கோ கேட்டிருக்கிறார். அம்மாவிடம் பேச வேண்டுமென்றால் அத்தையின் போனில் பேசுகிறேன். அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

குறை சொல்வதற்காக எழுதவில்லை. இப்படித் தாங்குகிற வீடு எத்தனை பேருக்குக் கிடைக்கும்.

ஜூன் 30, திங்கள்

அசைந்தது. வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தேன். தண்ணீருக்குள் மீன் திரும்பினது மாதிரி இருந்தது. கையிலிருந்த கடலையைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவரிடம் சொன்னதும் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து வயிற்றில் கை வைத்தார். "எங்கெ, எனக்கொண்ணும் தெரியலையே" என்றார். "உள்ள இருக்கறவளுக்கே இப்பத்தான் தெரியுது, வெளிய இருக்கறவருக்கு அதுக்குள்ளயா?" என்றேன். சிரித்தார்.

அவருக்குப் பரணிதரன் என்று இத்தனை கனமான பெயர் வைத்தவர்கள், அவர் இவ்வளவு சிரிக்கத் தெரிந்தவர் என்று நினைத்திருக்க மாட்டார்கள். வெளியில் யாரிடமும் சிரிக்க மாட்டார்.

ஜூலை 6, ஞாயிறு

தினமும் ஷெட்டிலிருந்து வந்ததும் கையைக் கழுவி வயிற்றில் வைக்கிறார். இன்றைக்கு அவருக்கும் தெரிந்தது. அத்தையைக் கூப்பிட்டு, "அம்மா, ஒதைக்குது" என்றார். அத்தை, "ஒதைக்காம பின்ன, உங்கொழந்தை சும்மா இருக்குமா" என்று சொல்லிவிட்டு எனக்கு இரண்டாவது தடவை சோறு போட்டார்.

ஜூலை 14, திங்கள்

இருபதாவது வார ஸ்கேன். நான்கு இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ஒன்று, ஆணா பெண்ணா என்று கேட்க மாட்டேன் என்பதற்கு, அது தெரியும். மற்ற மூன்றும் என்ன என்று கேட்கவில்லை. அந்தப் பெண் பேனாவால் இடத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள், நானும் போட்டுக்கொண்டே போனேன். வெளியில் இருபது பேர் காத்திருந்தார்கள். நான் மில் ஆபீசில் டைப் அடித்த மூன்று வருஷத்தில் வேலைக்கு வந்த எத்தனையோ பிள்ளைகளிடம் இதே மாதிரிதான் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். ஒவ்வொருத்தியும் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் வேலை நடக்குமா.

திரை டாக்டர் பக்கம் திரும்பியிருந்தது. எனக்கு அதன் முதுகும் வயரும்தான் தெரிந்தன. முதலில் "தல நல்லாருக்கு, இதயம் நல்லாருக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். இடது பக்கமே திரும்பத் திரும்பத் தேய்த்தார். எழுந்து நடந்துவிட்டு, ஜூஸ் குடித்துவிட்டு மறுபடி வரச் சொன்னார். வந்து படுத்ததும் மறுபடி அதே இடம்.

நான் ஜெல்லைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது வெளியில் இருந்த என் வீட்டுக்காரரை உள்ளே கூப்பிட்டார்கள். வெளியே வந்தபோது அவர் கையில் மஞ்சள் கவர் இருந்தது.

"என்ன சொன்னாங்க?"

"எல்லாம் நல்லாத்தான் இருக்குது. கர்ப்பப்பை வாய் மட்டும் கொஞ்சம் தளர்ந்திருக்குதாமா. அசையாம படுத்திருந்தாப் போதும்."

காரில் ஏறியபிறகு வெகுநேரம் வண்டியை எடுக்கவில்லை. ஏசி குளிர்ந்தபின் எடுக்கலாம் என்று இருந்தாரோ என்னவோ. ஆனால் ஏசியைப் போடவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

அவருக்குத் தலைவலி. சீக்கிரம் தூங்கிவிட்டார்.

ஜூலை 17, வியாழன்

அவர் படுத்து வளர்ந்த தேக்குத் தொட்டிலைப் போன மாதம்தான் அத்தை பாலீஷ் போட்டுக் கொண்டுவந்து கூடத்தில் வைத்திருந்தார். இன்று ஆளை விட்டுத் தீவனக் குடோனுக்கு எடுத்துப் போகச் சொன்னார். "இங்கிருந்தா தூசி படியுது கண்ணு" என்றார். குடோனில் தூசி அதிகம். சாக்குப் போட்டு மூடியிருப்பார்கள்.

அசைவு: ஒன்பது.

ஜூலை 20, ஞாயிறு

அம்மா வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டு எடுத்துக்கொண்டு வந்தார். வந்ததும் அத்தையும் அம்மாவும் சமையலறையில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போனதும் கறிவேப்பிலை பற்றிப் பேசினார்கள்.

பிறகு அம்மா என் கட்டிலில் உட்கார்ந்து என் கை விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டே இருந்தார். கண் கலங்கியிருந்தது. "என்னம்மா?" என்றேன். "ஒண்ணுமில்ல பாப்பா, சுட்ட எண்ணெய்ப் பொகை" என்றார்.

ஐந்தாம் மாதம் பிறந்துவிட்டது, ஏழாம் மாதத்தில் வளைகாப்புக்கு மண்டபம் சொல்ல வேண்டாமா என்று கேட்டேன். இரண்டு பேரும் ஒரே சமயத்தில், "பார்த்துக்கலாம்" என்றார்கள்.

ஜூலை 23, புதன்

பதினொன்று. அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். கை கழுவவில்லை.

ஜூலை 24, வியாழன்

மருந்து வாங்க சேலம் போனார். மஞ்சள் கவரை எடுத்துப் போனதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். கோழிக்கு மருந்து வாங்க அது எதற்கு என்று தெரியவில்லை. வேறு ஏதாவது மஞ்சள் கவராக இருக்கும்.

ஜூலை 26, சனி

கிராம நர்ஸ் ஸ்கூட்டியில் வந்தார். தாய் சேய் அட்டையில் ஸ்கேன் விவரம் பதியவேண்டும் என்று கேட்டில் நின்று கேட்டது என் ஜன்னலுக்குக் கேட்டது. அத்தை, "அவ அம்மா வீட்டுக்குப் போயிருக்கறாளுங்க, வரப் பத்து நாளாகும்" என்றார்.

நான் எழுந்து உட்கார்ந்தேன். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். ஸ்கூட்டி போய்விட்டது.

நாய் குரைத்த சத்தத்தில் அத்தைக்குக் கேள்வி சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது.

ஜூலை 28, திங்கள்

ரிப்போர்ட்டைப் பார்க்க வேண்டும் என்றேன். பீரோவில் இருக்கிறது என்றார். பீரோ சாவி எங்கே என்றேன். "இங்கிலீஷ்ல இருக்குது மேனகா, உனக்கென்ன புரியும்?" என்றார்.

மூன்று வருஷம் இங்கிலீஷில்தான் டைப் அடித்தேன். பெண் பார்க்க வந்தபோது அதைத்தான் அத்தை பெருமையாகச் சொன்னார். அவர் அதை மறந்திருக்க மாட்டார். நான் நினைவுபடுத்தவும் இல்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

அத்தை கொல்லையில் போன் பேசிக்கொண்டிருந்தார். "புதன்கெழமை போனா வெள்ளிக்கெழமை வந்தர்லாம்னு சொல்றாங்க. ஆமா, அதுக்குத் தெரிய வேண்டாம். அடுத்தது நல்லபடியாப் பொறக்காமயா போயிரும்" என்றார்.

மாட்டைப் பற்றியாக இருக்கும் என்று எழுத வந்தேன். எங்கள் மாட்டைப் போன வருஷமே கொடுத்தாகிவிட்டது.

அசைவு: பதினாறு.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப் பதினெட்டு

எல்லோரும் காவிரிக்குப் போனார்கள். ஷெட் ஆட்களுக்கும் லீவு. நான் மட்டும்.

கேட் வரைக்கும் நடந்தேன். நூற்று நாற்பத்திரண்டு அடி. பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன், வெயிலில் கொதித்தது. கேட்டுக்கு முன்னால் போகும் மண்பாதையில் ஒரு டெம்போ நிறையப் பெண்கள் புதுப் புடவையில் போனார்கள். ஒருத்தி கை காட்டினாள். நானும் காட்டினேன்.

திரும்பி வந்து காலில் ஒட்டிய மண்ணைக் கழுவிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நாளைக்கு ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். கர்ப்பப்பை வாய்க்கு ஒரு தையல். "சின்ன விஷயம். ரெண்டு நாள்தான்" என்றார் அவர். இரண்டு நைட்டி, துண்டு, பிளாஸ்க் எடுத்து வைத்தேன். குழந்தை அசைவைக் குறிப்பதற்காக இந்த டைரியையும் வைத்தேன். அத்தை பைக்குள் எட்டிப் பார்த்து, "இது எதுக்குச் சாமி?" என்றார். நர்ஸ் கேட்பார் என்றேன்.

அவர் குளியலறையில் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுதார். குழாய் சத்தத்தில் கேட்காது என்று நினைத்திருக்கிறார்.

தையலுக்கு யாராவது இப்படி அழுவார்களா.

ஆகஸ்ட் 6, புதன். ஆஸ்பத்திரியில்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஒன்பது மணிக்கு அறை கொடுத்தார்கள். அவர் பணம் கட்டவும் அத்தை டிபன் வாங்கவும் கீழே போனார்கள். ஒரு நர்ஸ் அட்டையில் சொருகிய தாள்களோடு வந்தார். ஜெயசீலி என்று பேட்ஜில் இருந்தது. ஐம்பது வயதிருக்கும்.

"மொதக் கொழந்தையாம்மா?"

"ஆமாங்க."

"கஷ்டந்தான். மனசத் திடப்படுத்திக்கங்க. இங்க ஒரு கையெழுத்து, இந்தப் பக்கம் ஒண்ணு. போட்டதும் மாத்திரை தர்றேன்."

பேனா முனை தாளைத் தொட்டுக்கொண்டிருந்தது. நானும் பேனாவை வாங்கிவிட்டேன். என் பெயரில் முதல் எழுத்தைப் போட்டுவிட்டேன் என்பதையும் எழுத வேண்டும். அப்புறம்தான் அந்த வார்த்தை கண்ணில் பட்டது. டெர்மினேஷன்.

எனக்கு அந்த வார்த்தை நன்றாகத் தெரியும். மில்லில் வாரத்துக்கு இரண்டு மூன்று அடிப்பேன். டெர்மினேஷன் லெட்டர். வேலையை விட்டு நிறுத்தும் கடிதம். அந்தப் பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியாது. "என்னக்கா இது?" என்று கேட்பார்கள். "சும்மா ஆபீஸ் வழக்கம், போடு" என்பேன். போட்டுவிட்டு மறுநாள் வேலைக்கு வந்து கேட்டில் நிற்பார்கள்.

"இது தையலுக்கா?" என்றேன்.

"என்ன தையல்?"

"கர்ப்பப்பை வாயில தையல் போடறதுக்குத்தானே வந்திருக்கறேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த பேனாவை மெதுவாக வாங்கி மூடினார்.

"உங்களுக்கு ஒண்ணுமே சொல்லலையா?"

எனக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்று எனக்கே தெரியவில்லை. அவர் தாள்களை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "டாக்டரக் கூப்பிடறேன். யார் வந்து சொன்னாலும் எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. மாத்திரையும் முழுங்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டரம்மா வந்தபோது பின்னாலேயே என் வீட்டுக்காரரும் வந்தார்.

"உங்க வீட்டுக்காரர், எல்லாம் பேசி முடிவு பண்ணிட்டோம், அவளுக்கும் சம்மதம்னு சொன்னாரே?" என்றார் டாக்டரம்மா.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கிட்ட யாரும் எதுவும் பேசலீங்க."

"அவ தாங்க மாட்டாளுங்க டாக்டர்" என்றார் அவர். "போன தடவை கலைஞ்சப்பவே ஆறு மாசம் எந்திரிக்கல. முடிஞ்சப்பறம் தானா நின்னுபோச்சுன்னு சொல்லிக்கலாம்னு..."

டாக்டரம்மாவின் முகம் சிவந்தது. "நானே அன்னிக்கு இவங்ககிட்டப் பேசியிருக்கணும். நீங்க பக்குவமாச் சொல்லிக்கறேன்னீங்க, நானும் விட்டுட்டேன்" என்றார். பிறகு என்னிடம், "என்ன தெரிஞ்சுக்கணுமோ கேளுங்க மேனகா" என்றார்.

"எனக்குப் பார்க்கணும்" என்றேன். "ஸ்கேன்ல. என் பக்கம் திருப்பிக் காட்டணும்."

ஸ்கேன் அறையில் அவரை வெளியில் நிற்கச் சொல்லிவிட்டார் டாக்டரம்மா. டாக்டரம்மாவே திரையைத் திருப்பினார். அது திரும்பும் திரைதான். சக்கரம் வைத்தது. ஒரு விரலால் தள்ளினாலே போதும்.

முதலில் புகை மாதிரி இருந்தது. பிறகு அவர் காட்டக் காட்ட உருவம் வந்தது. இது நெற்றி. இது மூக்கு. இதோ துடிக்கிறதே, இது இதயம், நாலு அறையும் சரியாக இருக்கிறது. இது முதுகெலும்பு. இது வலது கை, பாருங்கள், விரலை மடக்குகிறது.

"இது இடது கை" என்றார். தோளிலிருந்து முழங்கை வரைக்கும் வெள்ளையாக ஒரு கோடு வந்தது. அதற்குக் கீழே கொஞ்சம் தள்ளி நின்றுவிட்டது. அதற்கப்புறம் கறுப்பு.

"இதுக்கு மேல வளரலை. ஆரம்பத்துலயே நின்னிருக்கும். நீங்க எதுவும் பண்ணி வந்ததில்ல."

"வலிக்குமா அதுக்கு?"

"இல்ல."

"வேற?"

"மத்ததெல்லாம் இன்னிக்குப் பார்க்கற வரைக்கும் நல்லாருக்கு. ஆனா ஸ்கேன் எல்லாத்தையும் காட்டிடாது. அதையும் நான் சொல்லணும். வளர வளர வேற ஏதாவது தெரியவும் வரலாம். வராமலும் போகலாம்."

"பொறந்தா?"

"ஒரு கையோட வாழும். செயற்கைக் கை இருக்கு, சிலபேர் போடறாங்க, சிலபேர் வேண்டாம்பாங்க. கலைக்கணும்னா வர்ற திங்கக்கெழமையோட இருபத்தி நாலு வாரம் ஆயிடும். அதுக்கப்பறம் நான் பண்ண முடியாது. எது செஞ்சாலும் நீங்க சொன்னாத்தான். வேற யாரோட கையெழுத்தும் இதுக்குச் செல்லாது."

நான் அந்த வெள்ளைக் கோடு நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தை திரும்பிக்கொண்டது. திரையில் அசைந்ததும் உள்ளே எனக்குத் தெரிந்ததும் ஒரே நேரத்தில்.

திங்கள்கிழமை வந்து சொல்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். அதே கேட். போனைக் கொடுங்கள் என்றேன். மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார். மஞ்சள் கவரையும் கட்டிலில் வைத்தார்.

"எத்தன பேருக்குத் தெரியும்?"

"அம்மாவுக்கு. உங்கம்மாவுக்கு. என் ஃபிரண்டு ஒருத்தனுக்கு, சேலத்துல டாக்டரக் காட்டினான்."

"அப்ப எனக்கு மட்டுந்தான் தெரியல."

"உன்ற நல்லதுக்குத்தான் பண்ணுனேன் மேனகா."

அதைச் சொல்லும்போது அவர் உண்மையைத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

அம்மா வந்தார். "நீ வெசனப்படுவேன்னுதான் பாப்பா" என்றார். "எங்கையைப் பிடிச்சு அன்னிக்கு அழுதயே, அப்பச் சொல்லியிருக்கலாமே" என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். கிளம்பும்போது, "எதுனாலும் நீ சொல்றதுதான்" என்றார். கிளம்பும்போதுதான் சொன்னார்.

அத்தை நேராகவே பேசினார். "நான் கெட்டவளுன்னு நெனச்சுக்கோ. பொட்டப்புள்ளையா இருந்தா யாரு வந்து கட்டுவா? ஆம்பளைன்னாலும் ஊரு என்ன பேர் வெச்சுக் கூப்புடும்னு எனக்குத் தெரியும். நாம போனப்பறம் அதுக்கு யாரு?"

இந்தக் கேள்வியெல்லாம் என்னுடையது. மூன்று வாரமாக இவர்கள் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகஸ்ட் 9, சனி

குழந்தை வேண்டாம் என்று தோன்றியது காலையில். மதியம் வேறு மாதிரி. சாயங்காலம் மறுபடி வேண்டாம்.

யாரிடமும் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். ஜூலை பதினாலாம் தேதியே சொல்லியிருந்தால், நானே அவர் கையைப் பிடித்துக்கொண்டு வேண்டாங்க, கலைத்துவிடலாம் என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. சொல்லியிருக்கக்கூடும். நான் ஒன்றும் பெரிய தைரியசாலி இல்லை. அதைத் தெரிந்துகொள்ள இனி வழியில்லை. அந்த மூன்று வாரமும் நான் அதன் அசைவை எண்ணிக்கொண்டிருந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலையில் எழுந்ததும் இடது கையை முதுகுப் பக்கம் மடக்கித் துண்டால் கட்டிக்கொண்டேன். அன்றாட வேலை எதெது முடியும் என்று பார்க்கத்தான்.

பல் தேய்ப்பது முடிந்தது. பேஸ்ட் மூடியைப் பல்லால் திறந்தேன். முட்டை உடைத்து ஊற்றுவது முடிந்தது. வெங்காயம் உருண்டு ஓடியது, தட்டின் விளிம்பில் அணைத்துக்கொண்டதும் நறுக்க வந்தது. நைட்டி போடலாம். ஜாக்கெட் கொக்கி முடியவே இல்லை. கடலை உரிக்கலாம், வாயால் உடைத்தால். துணி பிழிவதற்குக் குழாயில் சுற்றி முறுக்கினேன். கொஞ்சம் ஈரமாகவே காயப்போட்டேன்.

தலை பின்னத்தான் கடைசியாக உட்கார்ந்தேன். மூன்று பிரியையும் ஒரு கையால் பிடித்தால் ஒன்று நழுவும். பல்லில் கடித்துப் பார்த்தேன். சுவரில் சாய்த்துப் பார்த்தேன். அரைமணி நேரம் ஆனது. கண்ணாடியில் அத்தை தெரிந்தார். எப்போதிலிருந்து வாசலில் நின்றிருந்தார் என்று தெரியவில்லை.

உள்ளே வந்து என் பின்னால் உட்கார்ந்தார். ஒன்றும் பேசாமல் பின்னிவிட்டார். முடிச்சுப் போட்டுவிட்டு அந்தத் துண்டையும் அவிழ்த்துவிட்டார். கை மரத்துப்போயிருந்தது. எழுந்து போகும்போது, "பின்னத்தான் யாராச்சும் வேணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

டாக்டரம்மா, "முடிவு பண்ணிட்டீங்களா?" என்றார்.

"எனக்குக் கொழந்தை வேணும்."

"யாராவது சொல்லச் சொல்லி..."

"யாரும் சொல்லலீங்க. வேண்டாம்னுதான் சொன்னாங்க."

பயமாக இருக்கிறது என்பதையும் சொன்னேன். அது சரிதான் என்றார்.

திரும்பும்போது காரில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டைத் திறந்தார், காரை உள்ளே விட்டார், இறங்கிப் பூட்டினார்.

செப்டம்பர் 12, வெள்ளி

அவர் என்னிடம் பேசி முப்பத்திரண்டு நாள். தேவையானதை அத்தையிடம் சொல்கிறார், அத்தை என்னிடம் சொல்கிறார். ஒரே அறையில் மூன்று பேரும் இருக்கும்போதும் அப்படித்தான்.

கிராம நர்ஸுக்கு நானே போன் செய்து வரச் சொன்னேன். கேட்டில் வந்து நின்றார். சாவி கேட்டேன். அத்தை இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

அக்டோபர் 4, சனி

வளைகாப்பு இல்லை. கேட்கிறவர்களிடம் ஜாதகத்தில் ஆகாது என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மா வந்து என்னைக் கட்டிலில் உட்கார்த்தி வைத்து ஒரு டஜன் கண்ணாடி வளையல் போட்டுவிட்டுப் போனார்.

முப்பத்திரண்டாவது வார ஸ்கேனில் அதே கோடு, அதே இடம். புதிதாக ஒன்றும் இல்லை. இப்போதெல்லாம் திரையை நான் கேட்காமலே திருப்புகிறார்கள்.

நவம்பர் 2, ஞாயிறு

சரியாகத்தான் செய்தேனா. தெரியவில்லை. வீட்டில் யாரிடமும் இதைக் கேட்க முடியாது. கேட்டால், நாங்கள் அப்போதே சொன்னோம் என்று ஆகிவிடும்.

நவம்பர் 24, திங்கள். ஆஸ்பத்திரியில்

சனிக்கிழமை காலை ஏழு பத்துக்குப் பிறந்தாள். பெண். இரண்டு கிலோ தொள்ளாயிரம். ஜெயசீலி நர்ஸ்தான் சுற்றி எடுத்து வந்து கொடுத்தார். சுற்றின துணியை நானே பிரித்துப் பார்த்தேன். இடது முழங்கைக்குக் கீழே உருண்டையாக, மிருதுவாக முடிந்திருந்தது. அதன் நுனியில் கடுகு மாதிரி நாலைந்து சின்னச் சதைத் துளிகள். திரையில் அவை தெரியவில்லை.

அத்தை கையில் வாங்கிக்கொண்டார். அவர் வாசலில் நின்றார். கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, பில் விஷயமாகப் போவதாகச் சொல்லிப் போனார்.

டிசம்பர் 10, புதன்

பால் குடிக்கிறாள், தூங்குகிறாள், அழுகிறாள். தடுப்பூசி வரிசையில் ஒரு பெண், "அய்யோ, கைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன் அத்தை, "பொறவியிலயே அப்பிடித்தான். உம்பட பையனுக்கு மூக்கு ஒழுகுது பாரு, தொடை" என்றார்.

அவர் இன்னும் தூக்கவில்லை. பயமாக இருக்கிறது என்று அத்தையிடம் சொன்னாராம்.

டிசம்பர் 28, ஞாயிறு

முகத்தில் எல்லாம் கீறிக்கொள்கிறாள். நகம் வளர்ந்துவிட்டது. அத்தைக்குக் கண் சரியாகத் தெரியாது. நான் வெட்டப் போனால் கையை இழுத்துக்கொள்கிறாள், ஒரு ஆள் பிடிக்க வேண்டியிருந்தது.

ஷெட்டிலிருந்து அவர் வந்தார். "கொஞ்சம் பிடிங்க" என்றேன். யாரிடம் சொன்னேன் என்பதுபோல் சுற்றிலும் பார்த்தார். வேறு யாரும் இல்லை. போய் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து கட்டிலில் ஒட்டினாற்போல் உட்கார்ந்தார். வலது கையை இரண்டு விரலால் பிடித்தார். அவள் அவருடைய கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"எப்பிடி வெட்டறது, கையை மூடிக்கிட்டாளே" என்றார். என்னிடம்தான் கேட்டார்.

"மெதுவாப் பிரிங்க. ஒவ்வொண்ணா."

அவர் பிரித்துப் பிரித்துக் கொடுக்க நான் வெட்டினேன். ஐந்து நகம்தானே. சீக்கிரமே முடிந்துவிட்டது. அவர் கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.